சேஃப்டி சாரின் தோள்பட்டை

பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலையில் அவரை எல்லோரும் ‘சேஃப்டி’ என்றுதான் சொல்வார்கள். நேரில் பார்த்தால் அதோடு ஒரு ‘சார்’ சேரும், அவ்வளவுதான். பாதுகாப்பு அதிகாரி என்பது அவர் வேலை. ஆனால் சாயங்காலம் சட்டையோடு வேலையையும் கழற்றி மாட்டிவிடுகிற ஆள் அவர் இல்லை. விருந்துக்குப் போன வீட்டிலும் நாற்காலியை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். பக்கத்து வீட்டுக்காரர் ஏணியில் ஏறி பல்பு மாற்றினால், கீழே போய் நின்றுகொண்டு, ஏணியிலிருந்து விழுந்தவர்களின் கதையை ஒவ்வொன்றாகச் சொல்லுவார். ஒருமுறை அந்தக் கதைகளைக் கேட்டே அந்த மனிதருக்குக் கால் நடுங்கி ஏணி ஆடிவிட்டது. “பாத்தீங்களா, நான் சொல்லல?” என்றார் சேஃப்டி. அவருக்கு அன்றைக்கு ராத்திரி நல்ல தூக்கம்.

தொழிற்சாலை வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. ‘விபத்தில்லா நாட்கள்’ என்று மேலே எழுதியிருக்கும். கீழே எண்ணைச் சாக்பீஸால் தினமும் மாற்றுவது சேஃப்டியின் கை. வேறு யாரும் தொடக் கூடாது. பலகை ஆயிரத்தைத் தொட்டால் எல்லோருக்கும் ஒரு சுவர்க்கடிகாரம் தருவதாக நிர்வாகம் வாக்குக் கொடுத்திருந்தது. அதனால் ஆயிரத்தை நெருங்க நெருங்க, விரலை நசுக்கிக்கொண்டவன்கூட சத்தம் போடாமல் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நடந்தான்.

திங்கட்கிழமை காலையில் சேஃப்டியின் உரை இருக்கும். கையுறையில் ஆரம்பித்து, கம்பி, கத்தி, வழுக்கும் தரை எல்லாவற்றையும் தொட்டுவிட்டு, கடைசியில் தன்னிடமே வந்து சேருவார். எத்தனை சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்கும்.

“இருபத்தேழு வருஷமா பைக் ஓட்டறேன். ஒரு கீறல் கிடையாது. எப்படி? பின்னாடி வண்டி வருதுன்னா எனக்குத் தோள்லயே தெரியும்!” என்று வலது தோளைத் தட்டிக் காட்டுவார். “கண்ணாடியப் பாத்து ஓட்டறவன் கத்துக்குட்டி. நமக்கெல்லாம் உள்ளுணர்வு. அது சொல்லிக் குடுத்து வராது.”

இதில் பொய் ஒன்றுமில்லை. அதுதான் வேடிக்கை. அவருடைய பைக்கில் இடது பக்கக் கண்ணாடி எப்போதோ உடைந்துபோய், அந்த இடத்தில் தண்டு மட்டும் நின்றது. வலது பக்கக் கண்ணாடி இருந்தது. ஆனால் அது சாலையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தது. மீசையில் சாயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று சிக்னலில் நிற்கும்போது பார்த்துக்கொள்ள வசதியாகத் திருப்பி வைத்திருந்தார். இண்டிகேட்டர் சுவிட்சில் தூசி கெட்டியாகிப் பாறையாகிவிட்டது. ஆனாலும் இருபத்தேழு வருஷமாக ஒரு கீறல் இல்லை.

தினமும் காலையும் மாலையும் அவர் பின்னால் மனைவி உட்கார்ந்து வருவார். அந்த அம்மாள் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவர். மற்றவர்கள் நாலு இடத்தில் குத்தித் தேடுகிற நரம்பை இவர் விரல் வைத்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார். குத்தியதே தெரியவில்லை என்று நோயாளிகள் சொல்வார்கள். அந்தக் கூடம் தொழிற்சாலை வாசலுக்கு எதிரிலேயே இருந்தது. பைக்கின் இருபுறமும் கால் போட்டு, தோள்பையை மடியில் வைத்து, வலது கையைக் கணவர் தோளில் போட்டுக்கொண்டு உட்காருவார். வழியில் ஒரு வார்த்தை பேச மாட்டார். “பேசாம வர்றதே ஒரு சேஃப்டிதான்” என்று சேஃப்டி அதையும் தன் உரையில் சேர்த்திருந்தார்.

இப்படியிருக்கையில் பரிசோதனைக்கூடத்தின் புதுக் கிளை ஒன்று அவர்கள் வீட்டுக்குப் பின்தெருவில் திறந்தது. அம்மாளை அங்கே மாற்றிவிட்டார்கள். நடந்தால் போய்விடலாம். சேஃப்டி முதல்முறையாகத் தனியாக வேலைக்குப் போக ஆரம்பித்தார்.

முதல் வாரமே விழுந்தார். அதுவும் எங்கே? தொழிற்சாலை வாசலில், அந்தப் பலகைக்கு நேர் கீழே. மூடிப் பெட்டிகளை ஏற்றிய லாரி வலது பக்கம் ஒட்டி வந்ததை அவர் பார்க்கவில்லை. திருப்பினார், லாரிக்காரன் ஹாரனை அமுக்கினான், சேஃப்டி படுத்துவிட்டார். அடி ஒன்றுமில்லை. வாட்ச்மேன் ஓடிவந்து தூக்கிவிட்டுவிட்டு, பயபக்தியோடு பலகையைப் பார்த்தார்.

“சார், போர்டை சைபர் ஆக்கணுமா?”

“எதுக்கு?”

“இல்ல… விழுந்தீங்களே.”

சேஃப்டி மண்ணைத் தட்டிக்கொண்டு உள்ளே போய் அளவு டேப்பை எடுத்துவந்தார். கேட்டின் தண்டவாளத்திலிருந்து பைக் விழுந்த இடம்வரை அளந்தார். முன்சக்கரம் உள்ளே, மற்றதெல்லாம் வெளியே. “நான் விழுந்தது வெளில. அது கம்பெனி விபத்துல சேராது” என்று தீர்ப்பு சொல்லிவிட்டு, அன்றைய எண்ணை ஒன்று கூட்டி எழுதினார். வாட்ச்மேன் அதைக் கண்டுகொள்ளாத மாதிரி இருந்துவிட்டார், அவருக்கும் சுவர்க்கடிகாரம் வேண்டும்.

இரண்டாவது தடவை நாய். மூன்றாவது தடவை பால் வண்டி. குழியைப் பார்த்து வலது பக்கம் ஒடித்தார். பின்னால் பால் வண்டிக்காரர் பாவம், வாழ்க்கையில் எந்தத் தப்பும் செய்யாதவர், நேராக வந்துகொண்டிருந்தார். ஹேண்டிலில் லேசாக உரசல். சேஃப்டி முழங்கையைத் தேய்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது சட்டைக் கை கிழிந்து தொங்கியது.

மனைவி பஞ்சும் மருந்தும் எடுத்துவந்து காயத்தைத் துடைத்தார். சேஃப்டிதான் பேசிக்கொண்டிருந்தார். இந்தக் காலத்தில் ரோடு சரியில்லை, பால்காரனுக்கு அவசரம், நாய்களை யாரும் கவனிப்பதில்லை. தெருநாயிலிருந்து அரசாங்கம்வரை எல்லோரும் குற்றவாளிக் கூண்டில் ஏறி இறங்கினார்கள். ஏறாதவர் ஒருவர்தான்.

அந்த அம்மாள் கட்டுப்போட்டு முடிச்சிட்டார். “இனிமே நான் உங்க பின்னாடி உக்கார மாட்டேங்க” என்றார்.

“ஏன்?”

“அலுப்பா இருக்கு.”

“சும்மா உக்காந்து வர்றதுல என்ன அலுப்பு?”

அம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தார். கத்தரிக்கோலைத் துடைத்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

விளையாட்டுக்குச் சொன்னதாக நினைத்தார் சேஃப்டி. ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஊரின் மறுகோடியில் இருக்கிற மகள் வீட்டுக்கு, கைக்குழந்தையைப் பார்க்க வாரம் தவறாமல் இருவரும் போவார்கள். அன்று அவர் பைக்கை வெளியே எடுத்துவிட்டுத் திரும்பினால், மனைவி பையை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்துகொண்டிருக்கிறார். ஒரே வீட்டிலிருந்து ஒரே வீட்டுக்கு ஒருவர் பஸ்ஸில், ஒருவர் பைக்கில். அங்கே மாப்பிள்ளை கதவைத் திறந்தார்.

“அத்தை எங்க? மாமா மட்டும் வண்டில வந்திருக்கீங்களே?”

மாப்பிள்ளைக்கு விஷமம் தெரியாது. அதனால்தான் அது இன்னும் சுருக்கென்று குத்தியது. “உங்க அத்தைக்கு பஸ்ல காத்து நல்லா வருதாம்” என்றார் சேஃப்டி. அடுத்த வாரமும் அதையே சொன்னார். அதற்கடுத்த வாரம் மாப்பிள்ளை கேட்கவே இல்லை. கேட்காமலிருந்ததுதான் தாங்கவில்லை.

வெட்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த மனிதருக்கு உண்மையிலேயே வெறுமையாக இருந்தது. காலியான பின்சீட்டு முதுகில் குளிர்ந்தது. ஒருத்தி தன்னை நம்பி ஏறி உட்காருகிறாள் என்பதுதான் தன் வாழ்க்கையில் யாரும் கேள்வி கேட்காத ஒரே சான்று என்று அதுவரை அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அவள் இனி ஏறவே மாட்டாளோ?

தொழிற்சாலையில் விபத்து செய்த டிரைவர்களை, வண்டி ஓட்டத் தெரிந்தவர்களுக்கே மறுபடி கற்றுக்கொடுக்கிற உயர்நிலைப் பயிற்சி ஒன்றுக்கு அனுப்புவார்கள். யாரைத் தண்டனையாக அனுப்புவது என்று முடிவு செய்வதே சேஃப்டிதான். அனுப்பும்போது ஒரு இளக்காரச் சிரிப்பையும் சேர்த்து அனுப்புவார். இப்போது யாருக்கும் தெரியாமல் தனக்கே ஓர் இடம் பதிவு செய்தார். கம்பெனிக்குச் சேதி போய்ச் சேராதபடி சொந்தச் செலவில்தான். வீட்டில், “ஒரு பயிற்சி மையத்த ஆய்வு பண்ணப் போறேன்” என்றார். மனைவி “சரிங்க” என்றார். அவர் சரிங்க என்றால் அதில் பல அர்த்தம் உண்டு. சேஃப்டி ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை.

மூடிக் கிடந்த ஒரு பெரிய அங்காடியின் வாகன நிறுத்துமிடம்தான் பயிற்சி மைதானம். தரையில் வெள்ளைக் கோடுகள், ஆரஞ்சுக் கூம்புகள், ஒரு பொய் நாற்சந்தி. பயிற்சி கொடுப்பவர் ஒரு பெண்மணி. பல வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். பருத்த உடம்பு, மெல்லிய குரல். கத்திப் பேச வேண்டிய வேலையையெல்லாம் சைரன் செய்துவிட்டதால் அவருக்குக் குரலை உயர்த்தவே தெரியாமல் போயிருக்க வேண்டும்.

“மேடம், நான் ஒரு பாதுகாப்பு அதிகாரி. நீங்க எப்படிச் சொல்லிக் குடுக்கறீங்கன்னு கவனிக்க வந்தேன்” என்றார் சேஃப்டி.

“நல்லா கவனிங்க சார். வண்டி மேல உக்காந்து கவனிச்சா இன்னும் நல்லாத் தெரியும்.”

அவர் சேஃப்டியின் பைக்கை ஒரு சுற்று சுற்றிவந்தார். உடைந்த கண்ணாடித் தண்டைத் தொட்டார். சேஃப்டியின் தலையோரமாகக் குனிந்து வலது கண்ணாடியைப் பார்த்தால் சாலை தெரியவில்லை. இருக்கையில் அமர்ந்திருக்கும் மீசை தெரிந்தது. “அழகா இருக்கீங்க சார்” என்றார். அங்கே வந்திருந்த பெரிய பைக் இளைஞர்கள் இரண்டு பேர் ஹெல்மெட்டுக்குள் சிரித்தார்கள். கண்ணாடிகளைச் சரியாக வைக்கச் சொல்லாமல், “முதல் நாள் நீங்க எப்பவும் எப்படி ஓட்டுவீங்களோ அப்படியே ஓட்டுங்க. நான் பின்னாடி உக்காந்து பாக்கறேன்” என்று ஏறி உட்கார்ந்துவிட்டார்.

பைக் அமுங்கியது. சேஃப்டி கிளம்பினார். நேர்ப் பாதையில் ராஜநடை. பொய் நாற்சந்தி வந்தது. நின்றார். ஒரு வண்டியும் இல்லை, ஒரு மனிதரும் இல்லை. நின்றுகொண்டே இருந்தார்.

“ஏன் சார் நிக்கறோம்?”

“இல்ல… போலாமான்னு…”

“யாரக் கேக்கறீங்க?”

சேஃப்டிக்கே தெரியவில்லை. முதுகில் ஏதோ ஒன்று வர வேண்டும் என்று அவர் உடம்பு காத்திருந்தது. அது வந்தால்தான் கால் கியரைத் தட்டும். என்ன வர வேண்டும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அசடு வழியக் கிளம்பினார்.

அடுத்த சுற்றில் பயிற்சியாளர் சரிந்த உடம்பை நேராக்கிக்கொள்ள, யதார்த்தமாக அவர் வலது தோளில் கையை ஊன்றினார். சேஃப்டி சடாரென்று பிரேக்கைப் பிடித்தார். இருவரும் முன்னால் போய் மோதிக்கொண்டார்கள்.

“எதுக்கு பிரேக் போட்டீங்க?”

“வலது பக்கம் வண்டி வந்துது!”

“எங்க?”

திரும்பிப் பார்த்தார். வெயில்தான் இருந்தது.

பயிற்சியாளர் போகச் சொன்னார். கொஞ்ச தூரம் போனதும் வேண்டுமென்றே வலது தோளை விரலால் அமுக்கினார். பைக் மெதுவாகியது. இடது தோளைத் தட்டினார். பைக் இடப்பக்கம் ஒதுங்கியது. முதுகில் இரண்டு தட்டு தட்டினார். பைக் சந்தோஷமாக வேகமெடுத்தது. இடுப்பில் சட்டையைப் பிடித்து லேசாக இழுத்தார். வேகம் அடங்கியது. மெல்லிய குரல் கொண்ட அந்தப் பெண்மணி முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். பிறகு நிறுத்தச் சொல்லி இறங்கினார்.

“வீட்ல வழக்கமா பின்னாடி யார் சார் உக்காருவாங்க?”

“என் மனைவி.”

“லைசென்ஸ் வெச்சிருக்காங்களா?”

“அவளுக்கா? அவளுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது மேடம்!” என்றார் சேஃப்டி, பழைய மிடுக்கோடு.

“இத்தனை வருஷமா இந்த வண்டிய ஓட்டினது அவங்கதான் சார்” என்றார் பயிற்சியாளர். “நீங்க ஹேண்டிலப் பிடிச்சிட்டிருந்தீங்க.”

சேஃப்டியின் கை தானாக வலது தோளுக்குப் போனது. திங்கட்கிழமைதோறும் ஊரைக் கூட்டித் தட்டிக் காட்டிய தோள். லாரி வாசலில் வந்த அன்று அது ஒன்றும் சொல்லவில்லையே என்பது அப்போதுதான் உறைத்தது. சொல்கிறவள் அன்றைக்குப் பின்தெருவில் யாருடைய கையிலோ நரம்பு தேடிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டே போய்விடலாமா என்று இருந்தது அவருக்கு. சாயங்காலம் மனைவி துணி மடித்துக்கொண்டிருக்கும்போது எதிரே உட்கார்ந்தார். ஒரு போர்வையின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொடுத்தார். இதெல்லாம் அந்த வீட்டில் நடக்கிற காரியமே இல்லை.

“நீ பைக்ல வரும்போது தோள்ல தட்டுவ இல்ல?”

“ஆமா.”

“எதுக்குத் தட்டின?”

“வண்டி வந்தா தட்டுவேன்.”

“வாயால சொல்லியிருக்கலாமே?”

அம்மாள் போர்வையை அவர் கையிலிருந்து வாங்கினார். “முதல் வருஷம் வாயாலதான் சொன்னேன். லாரி வருதுன்னா, லாரி வரலைன்னு பத்து நிமிஷம் பேசினீங்க. அதுக்குள்ள லாரி வந்துடுச்சு. அப்பறம் தட்ட ஆரம்பிச்சேன். தட்டினா நீங்க எதுத்துப் பேசல.”

நியாயம்தான். தோளோடு யாரால் வாதாட முடியும்? சேஃப்டி வேறு வழியில்லாமல் இன்னொரு துணியை எடுத்து மடித்தார். தப்பாக மடித்தார். அம்மாள் அதை வாங்கிச் சரியாக மடித்து வைத்தார்.

மறுநாள் காலை தொழிற்சாலைக்குப் போனவர், ஈரத்துணியால் பலகையைத் துடைத்துவிட்டு ஒரு பெரிய சைபரை எழுதினார். ஆயிரத்துக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. வாட்ச்மேன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “பழைய விபத்து ஒண்ணு விட்டுப்போச்சு” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சேஃப்டி உள்ளே போனார். என்ன விபத்து, யாருடையது என்று சொல்லவில்லை. உண்மையைச் சொல்கிற துணிச்சல் வரவில்லை, பலகையை அழிக்கிற அளவுக்குத்தான் வந்தது. சுவர்க்கடிகாரம் பறிபோன தொழிலாளர்கள் அவரை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். நசுங்கிய விரலைச் சட்டைப் பைக்குள் மறைத்துக்கொண்டு திரிந்தவன் மட்டும் கையை வெளியே எடுத்து நன்றாக நீட்டி மடக்கினான்.

அடுத்து வந்த சனிக்கிழமைகளிலெல்லாம் சேஃப்டி மைதானத்துக்குப் போனார். இரண்டு புதுக் கண்ணாடிகளை மாட்டினார். மீசைக்கு விடை கொடுத்தார், அதாவது கண்ணாடியிலிருந்து. திருப்பத்துக்கு முன் கண்ணாடி, பிறகு இண்டிகேட்டர், பிறகு தலையைத் திருப்பித் தோளுக்கு மேல் ஒரு பார்வை. இந்த வரிசை உடம்பில் ஊறும்வரை பயிற்சியாளர் விடவில்லை. ஊறியதும் அது வேறு மாதிரி வெளிப்பட்டது. தொழிற்சாலை நடைபாதையில் கழிப்பறைப் பக்கம் திரும்பும்போதுகூடச் சேஃப்டி தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார். கடன்காரனுக்குப் பயந்து நடக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். கூம்புகளுக்கு நடுவே எத்தனையோ தடவை காலை ஊன்றினார், இளைஞர்கள் சிரித்தார்கள், அவர் மறுபடி போய் வரிசையில் நின்றார். இதில் மட்டும் அவரைக் கிண்டல் செய்ய, கதை சொல்லும் எனக்கே மனம் வரவில்லை.

கடைசி நாளில் பயிற்சியாளர் பின்னால் ஏறி, கையை மடியில் கட்டிக்கொண்டு, ஊருக்குள் ஒரு நீண்ட சுற்று சுற்றி வரச் சொன்னார். எங்கும் தொடவில்லை. எதுவும் பேசவில்லை. இறங்கியதும், “இப்ப நீங்கதான் சார் ஓட்டினீங்க” என்றார். சேஃப்டிக்குக் கண் கலங்கிவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை.

இதற்குப் பிறகும் திங்கட்கிழமை உரை நடந்தது. அதிலிருந்து தோள் போய்விட்டது. “கண்ணாடியப் பாக்காம ஓட்டறவன் முட்டாள்!” என்று மேசையைத் தட்டினார், ஏதோ கண்ணாடியைக் கண்டுபிடித்தவரே அவர்தான் என்பது போல. கண்ணாடியைப் பார்த்து ஓட்டின அந்தப் பழைய கத்துக்குட்டி எங்கே போனான் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் உரை நீளும்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி பையை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கினார். சேஃப்டி பைக்கோடு நின்றார். இருக்கையைத் துடைத்து வைத்திருந்தார்.

“ஒரே ஒரு தடவ. பிடிக்கலன்னா பஸ் ஸ்டாப்ல இறக்கி விட்டுடறேன்.”

அம்மாள் இரண்டு கண்ணாடிகளையும் பார்த்தார். அவர் முகத்தையும் பார்த்தார். ஏறி உட்கார்ந்து, வழக்கம்போல வலது கையைத் தோளில் போட்டார்.

முதல் திருப்பத்தில் வலது பக்கம் ஒரு பஸ் வந்தது. விரல் அமுங்குவதற்கு முன்பே பைக் மெதுவாகியிருந்தது. சந்தையருகே ஒரு ஆட்டோ இடதுபக்கம் நுழைந்தது. விரல் எழுந்தது, அதற்குள் சேஃப்டி வழிவிட்டிருந்தார். மகள் வீட்டுக்கும் தொழிற்சாலைக்கும் பொதுவான அந்த நீளச் சாலைக்கு வந்தார்கள். இன்னும் மூன்று நான்கு தடவை அந்த விரல் எழுந்து எழுந்து அடங்கியது. பிறகு கை தோளைவிட்டே இறங்கிவிட்டது.

சேஃப்டிக்குத் திக்கென்றது. இறங்கிவிடப் போகிறாளோ? பஸ் நிறுத்தம் ஏதாவது வருகிறதா? வலது கண்ணாடியில் ஓரக்கண்ணால் பார்த்தார். மனைவி பின்னால் பார்க்கவில்லை, முன்னாலும் பார்க்கவில்லை. தலையைத் திருப்பிச் சாலையோரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“என்னங்க.”

“என்ன?”

“இங்க ஏரி எப்பங்க வந்துச்சு?”

ஏரி எப்போது வரும்? சாலை போடுவதற்கு முன்பிருந்தே அது அங்கேதான் இருக்கிறது. பார்வைக்கு எட்டுகிற தூரம்வரை தண்ணீர், நடுவில் ஒரு திட்டு, திட்டு நிறையக் கொக்குகள். அதன் கரையில்தான் அந்த அம்மாள் காலையும் மாலையும் இத்தனை வருஷம் போய்வந்தார். ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பார்க்க நேரமில்லை. அவருக்கு லாரி பார்க்கிற வேலை இருந்தது.

‘எப்பவும் இங்கதான் இருக்கு, நீ கவனிச்சிருக்க மாட்ட’ என்று சொல்ல வாயெடுத்த சேஃப்டி பாதியில் விழுங்கினார். கண்ணாடியைப் பார்த்தார், இண்டிகேட்டர் போட்டார், தலையைத் திருப்பிப் பார்த்தார், பைக்கைச் சாலையோரமாக நிறுத்தினார்.

“நல்லாப் பாத்துக்க” என்றார். “இனிமே ரோட்ட நான் பாத்துக்கறேன்.”

“அதுக்குத்தானே உங்கள முன்னாடி உக்கார வெச்சிருந்தேன்” என்றார் மனைவி, ஏரியிலிருந்து கண்ணை எடுக்காமல்.